அக்காவிடம் ஒரு வார்த்தை

அக்காவின் தலையில் அந்தத் தொப்பியை மாட்டிய முதல் நாளே எனக்கும் மச்சானுக்கும் சண்டை. காரணம் தேங்காயெண்ணெய். கருவியோடு கொழும்பிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், தலையை நன்றாக அலசி வைக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கருவிக்கு ஒன்றும் எட்டாது என்று. மச்சானோ காலையிலேயே பதுளை ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்து அக்காவின் தலைக்கு எண்ணெய் தேய்த்து, வகிடெடுத்து, இறுக்கிப் பின்னலும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் மச்சான், நேத்து அத்தன தடவ சொன்னேன்ல?"

"வெளியூர்லேருந்து ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னியே டீச்சரம்மா. பரட்டத் தலையோட எப்படி விடுறது?"

நான் கோபக்காரி. ஊருக்கே தெரியும். முணுமுணுத்துக்கொண்டே போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். பின்னலைப் பிரித்து, ஷாம்பு போட்டு, மூன்று தடவை அலசினோம். டாக்டரம்மா கருவியைப் பிரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அக்கா ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அவள் புருஷன், என் மச்சான், அதே தோட்டத்தில் கங்காணி. மலையில் பெண்களை நிரை நிரையாக நிறுத்தி வேலை வாங்குவது அவர் வேலை. நான் ஹாலிஎலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. என் கல்யாணப் புடவையின் நிறத்துக்குக்கூட ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

ஏழு மாதத்துக்கு முன் மலையில் குளவிக்கூடு கலைந்தது. எல்லாரும் கொழுந்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அக்கா ஓடுகிற ஓட்டத்தில் கால் இடறி விழுந்தாள். தலை பாறையில் மோதியது. குளவி கொட்டிய வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிட்டது. தலைக்குள் கசிந்த இரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, சில வாரங்களில் கண்ணும் திறந்தது. ஆனால் அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. கையைப் பிடித்து அழுத்தச் சொன்னால் அழுத்தவில்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி போனது. கூப்பிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி எத்தனை நாள் வார்டில் வைத்திருப்பார்கள்? கொழும்புப் பக்கத்தில் இந்த மாதிரி ஆட்களுக்கென்று ஒரு மறுவாழ்வு ஆஸ்பத்திரி இருப்பதாகக் கேள்விப்பட்டு நானே விண்ணப்பம் எழுதிப் போட்டேன். பதில் வந்தது. ஆளுக்கு உணர்வு இருக்கிறது என்று ஒரு டாக்டர் எழுதித் தந்தால் கட்டில் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. கட்டில் இல்லையென்றால் அக்கா லயத்துக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவள் மூலையில் கிடக்கிற ஒரு சாமான் ஆகிவிடுவாள். அப்படி விட நான் தயாராக இல்லை.

அந்த நேரத்தில்தான் இந்த டாக்டரம்மா பதுளைக்கு வந்தார். சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவர்களுக்குள் நினைவு இருக்கிறதா என்று பார்க்கிற கருவியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சிங்களத்தில். அவருக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும்.

நான் சும்மா இருப்பேனா? தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துணித் தொப்பி, அதில் பொத்தான் வைத்த மாதிரி வரிசையாக மின்முனைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். ஒவ்வொரு பொத்தானின் கீழும் ஊசியில்லாத சிரிஞ்சால் பசை விட வேண்டும். இது எதைக் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்று குடைந்து எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். மூளையில் கைக்கென்று ஓர் இடம் இருக்கிறது. கை சும்மா இருக்கும்போது அந்த இடத்தில் ஓர் அலை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். கையை அசைக்க நினைத்த உடனே அந்த அலை அடங்கும். கை அசையவே வேண்டாம், நினைத்தால் போதும்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என் எட்டாம் வகுப்பும் அப்படித்தான். வேலை இல்லாதபோது இரைச்சல், கணக்கைக் கொடுத்தால் அடங்கும். அதைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, அடுத்த ஊரில் இதையே சொல்லி விளக்கப்போவதாகச் சொன்னார்.

பரிசோதனை இப்படித்தான். காதுக்குள் ஒலிக்கிற தமிழ்க் குரல் முதலில் விளக்கம் சொல்லும். "நீண்ட ஒலி கேட்கும் வரை உங்கள் வலது கையை மூடித் திறப்பதாக மனத்தில் எண்ணுங்கள். ஒலி நின்றதும் ஓய்வெடுங்கள்." வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிக் குரல். பிறகு பத்து விநாடிக்கு ஊ என்று ஒரு சத்தம், பத்து விநாடிக்கு அமைதி. இப்படி மாறி மாறி அரை மணி நேரம். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அக்காவின் முகத்தைப் பார்ப்பதும் மடிக்கணினியைப் பார்ப்பதுமாக இருந்தேன். மச்சான் வெளியே பெஞ்சில், மொனராகலையிலிருந்து வந்த யாரோடோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். மறுபடி ஒருதரம் ஓட்டினார். இன்னும் சுருக்கினார்.

"என்னங்க?"

"விசித்திரமா இருக்கு. சத்தம் வரும்போது கையோட இடத்தில அலை அடங்கணும். இவங்களுக்கு அப்ப அது நல்லா ஓடுது. ஓய்வு எடுக்கச் சொன்ன நேரத்தில அடங்குது. எல்லாம் தலைகீழ்."

"அப்ப வித்தியாசம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா இதை வச்சு உணர்வு இருக்குன்னு எழுத முடியாது. தூங்குற மூளைகூட ஒரு சத்தத்துக்குத் தானா ஏதாவது செய்யும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருக்கிறது என்கிறார், எழுத முடியாது என்கிறார். கருவி கோளாறு, வயரை மாற்றிக் குத்திவிட்டீர்கள், என் தலையில் மாட்டிப் பாருங்கள் என்று கத்தினேன். மாட்டினார். குளிர்ந்த பசை தலை முழுக்க. கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வரும்போதெல்லாம் கையை மூடித் திறப்பதாக நினைத்தேன். அலை எப்படி அடங்க வேண்டும் என்று காட்டப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு ஒழுங்காக என் மூளையின் படம் வந்திருந்தது. கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அக்காவின் தலைக்குள் நடப்பதுதான் தலைகீழ். அந்த மாத முடிவுக்குள் கடிதம் போகாவிட்டால் கட்டில் வேறொருவருக்கு.

அன்று முழுக்க அந்தத் தலைகீழ் என் மண்டையைக் குடைந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். வெறும் குழப்பமாக இருந்தால் தாறுமாறாக அல்லவா இருக்க வேண்டும்? இவ்வளவு ஒழுங்காகத் தலைகீழாக இருக்க என்ன காரணம்? பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பிழையான விடையையே சரியாகத் தேர்ந்து எழுதுகிற பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

சனிக்கிழமை, அக்காவின் பழைய கிளினிக் புத்தகத்தை எடுக்க லயத்துக்குப் போனேன். வேனை விட்டு இறங்கி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கொழுந்து நிறுக்கிற நேரம். எதிர்ச் சரிவில் இருந்த பெண்கள் அத்தனை பேரின் கையும் ஒரே நேரத்தில் நின்றது. ஒருத்தி பாதி எட்டியிருந்த கிளையை அப்படியே விட்டாள். சங்கு ஓய்ந்தது. கொஞ்சம் தள்ளி, இன்னும் நிறுவைக்கு முறை வராத நிரையில், கை மறுபடி செடிக்குப் போனது.

நான் நடுப்பாதையில் நின்றுவிட்டேன். சங்கு ஊதினால் கை நிற்கும். முப்பது வருஷம் அக்காவின் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நான் பள்ளிக்கூட மணிக்கு வளர்ந்தவள், மணி அடித்தால் வேலை தொடங்கும். அந்தச் செய்தி வாசிக்கிற தமிழ் அக்காவின் காதில் ஏறாமலே போயிருக்கலாம். மிஞ்சியது ஊ என்ற சத்தம் மட்டும்தான். அதற்கு அவள் கையை எடுத்திருக்கிறாள். சத்தம் நின்றதும் வேலையைத் தொடர்ந்திருக்கிறாள்.

மூச்சு வாங்க லயத்துக்கு ஓடி மச்சானிடம் சொன்னேன். அவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"சங்கு ஊதுனா கைய எடுக்கணும். இது தெரிஞ்ச விஷயந்தானே. டாக்டருக்கு யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்றது மச்சான்? நீங்க வெளிய மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

டாக்டரம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவர் முதலில் சங்கு எத்தனை விநாடி ஊதும் என்று கேட்டார். பிறகு, இது உங்கள் ஊகம்தான், உண்மையாகவும் இருக்கலாம், அப்படி நினைத்துக்கொண்டு கடிதம் எழுத முடியாது, ஆனால் பரிசோதனையை மாற்றலாம் என்றார். சத்தமே வேண்டாம். பேச்சு மட்டும். ஒன்று கையை நினைக்கச் சொல்வது, இன்னொன்று காலை நினைக்கச் சொல்வது. இரண்டும் ஒரே குரல், ஒரே அளவு. முன்பின்னாகக் கலந்து வரும். அப்போது இது வெறும் சத்தத்துக்கு வந்த பதில் என்று யாரும் சொல்ல முடியாது. காலுக்கும் மூளையில் தனி இடம் இருக்கிறதாம்.

யாருடைய குரல்? மலையில் அக்காவை வேலை வாங்கிய குரல்தான். பதிவு செய்ய மச்சானை என் தொலைபேசிக்கு முன் உட்கார வைத்தேன். மனிதர் தொண்டையைச் செருமி, "தாங்கள் தயவுசெய்து கொழுந்து எடுப்பதாக" என்று ஆரம்பித்தார்.

"மச்சான், ஒங்க பொண்டாட்டிகிட்டப் பேசுறீங்களா, மந்திரிகிட்டப் பேசுறீங்களா?"

"வீட்டுல நான் சொன்னா ஒங்கக்கா எங்க கேட்டா? மலையில மட்டுந்தான் கேப்பா."

"அந்த மலையில பேசுற மாதிரியே பேசுங்க."

பேசினார். "ம், கொழுந்து எடு. ரெண்டு கையும் போடு." அடுத்தது, "ம், ஏறு. மேமலைக்கு ஏறு." பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மறுபடி பதுளை. இந்தத் தடவை எண்ணெய் இல்லை, பின்னலை மட்டும் விட்டுக்கொடுக்க மச்சானுக்கு மனம் வரவில்லை, அதை நான்தான் பிரித்தேன். அவர் குரல் அக்காவின் காதுக்குள் போனது. எடு. ஏறு. ஏறு. எடு. நான் கணினியைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கோடுகளை ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். இடைவேளை விட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி எல்லாவற்றையும் வேறு வரிசையில் செய்தார். அதன்பின் என் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அக்கா இருக்காங்க."

எடு என்றால் கையின் இடம் அடங்கியிருக்கிறது, ஏறு என்றால் காலின் இடம். எல்லாத் தடவையும் இல்லை, ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு. நான் அழுதேன். சந்தோஷம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது. இந்த ஏழு மாதத்தில் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் என்னென்ன பேசியிருக்கிறோம். எத்தனை பேர் அவள் முகத்துக்கு மேலேயே, இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் ஒரு நாள் அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். மச்சான் அழவில்லை. போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கி மழ இல்ல புள்ள" என்று அக்காவுக்குச் சொன்னார். ஏழு மாதமும் அவர் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடிதம் அன்றே எழுதப்பட்டது. இரண்டு நாளில் மறுவாழ்வு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கட்டில் தயார், அடுத்த வாரம் கொண்டுவரலாம். நான் தலைகால் புரியாமல் இருந்தேன். ஆம்புலன்ஸ், பள்ளிக்கூடத்தில் லீவு, அக்காவுக்குப் புதிதாக இரண்டு நைட்டி, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். டாக்டரம்மா கொழும்புக்குத் திரும்பும் முன் ஒரு விஷயம் கேட்டார்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஆமாம் என்றால் கொழுந்து எடுப்பதாக நினைக்கச் சொல்லலாம், இல்லை என்றால் மலை ஏறுவதாக. நான் வெட்கப்பட்டுப் போனேன். அவள் இருக்கிறாள் என்று நிரூபிக்க ஒற்றைக்காலில் நின்றவள் நான். இருக்கிறவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் விடை தெரிந்த கேள்விகள். இது உன் புருஷனா? எடு. நீ இப்போது மொனராகலையில் இருக்கிறாயா? ஏறு. அடுத்தது எங்களுக்கு விடை தெரியாத ஒன்று, வலி இருக்கிறதா? ஏறு. அந்த இல்லையைக் கேட்டு மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நானே குனிந்து அவள் காதில் கேட்டேன்.

"அக்கா, கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க போனா பயிற்சி எல்லாம் குடுப்பாங்க. போவமா?"

ஏறு.

களைத்துவிட்டாள் என்றேன். டாக்டரம்மா அதை ஒத்துக்கொண்டு பயணத்தைத் தள்ளிவைத்தார். மறுநாள் கேள்வியை மாற்றிக் கேட்டோம், வீட்டுக்குப் போக வேண்டுமா என்று. எடு. கொழும்புக்கா? ஏறு. இந்தக் கருவியை மட்டும் நம்பி ஒரு முடிவும் எடுக்காதீர்கள், இன்னும் கேட்கலாம், கட்டிலுக்கு வேண்டுமானால் பிறகும் விண்ணப்பிக்கலாம், பதுளையிலேயே பயிற்சிக்கு ஓர் ஆளை ஒழுங்கு செய்து தருகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

மூன்றாம் நாளும் ஏறு என்று வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒனக்கு என்னக்கா தெரியும்? நான் நாயா அலைஞ்சு வாங்குன கட்டில். அந்த ரூம்ல போய்க் கெடந்து என்ன பண்ணப்போற? யாரு ஒன்னத் திருப்பிப் போடுறது? எப்பவும் இப்படித்தான் நீ. நான் நல்லதுக்கு ஒண்ணு சொன்னா அதுக்கு நேர் எதிராத்தான் நிப்ப."

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் என் தோளைத் தொட்டார். மச்சான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஏழு மாதமாக அக்காவிடம் யாரும் கோபப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா கணினியை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"கேள்வி முடிஞ்சு ஒரு நிமிஷம் ஆச்சு. நான் ஒண்ணும் கேக்கல. நீங்க கத்துற நேரம் பூராவும் காலோட இடந்தான் அடங்கியிருக்கு. இத நான் கணக்கில எடுக்க முடியாது. ஆனா பாருங்க."

பார்த்தேன். யாரும் சொல்லாமலே அக்கா மேமலைக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கோபம் ஆறியும் ஆறாமலும், மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கட்டில் வேண்டாம் என்றேன். எடுத்தவர் தமிழ்க்காரர். ஏன், ஆள் தவறிட்டாங்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இல்லங்க. வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"யாருங்க, வீட்டுக்காரங்களா?"

"இல்லங்க," என்றேன். "அக்காவேதான்."